காதில் விழ வேண்டிய பேர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. மோட்டார் காயில் போய்விட்டது. மெக்கானிக் "நாளைக்கு" என்றான். கீழ் வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாக ஏற்றி இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேலைகள்:
கேஸ் புக்கிங்.
சேகருக்கு பி.பி. மாத்திரை.
குழந்தைக்குக் கொலுசு, கருப்பு வளையல், அரைஞாண் கயிறு.
பேர்.

கடைசி வேலை இன்று காலைதான் சேர்ந்தது. தம்பி மனைவி நித்யா போன். ஐயம்பேட்டையில் அவள் அம்மா வீட்டிலிருந்து. பின்னால் குழந்தை அழுகை, குக்கர் விசில்.

"அண்ணி, ஜோசியர் பாத்துட்டாரு. ஜாதகத்துல ஜலம் கம்மியா இருக்குதாம். தண்ணி சம்பந்தமா ஒரு பேரு வைங்கன்றாரு. சதயம். கோ, ச, சி, சு, இதுல வரணும்."

"நீ ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?"

"நான் எங்க யோசிக்கிறது, தூங்கவே நேரமில்ல. நீங்கதான தமிழ் படிச்சவங்க. அத்தைகாரி நீங்கதான காதுல சொல்லணும். பேரயும் நீங்களே பாருங்க."

பேர் வைப்பது ஆடி முடிந்ததும், 24 ஞாயிறு. தம்பி குமாருக்கு அன்று ஷிப்ட் இல்லை.

மத்தியானம் நான் வேலை பார்க்கும் சேலைக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் பில் பின்புறம் எழுதிப் பார்த்தது. ஒவ்வொன்றாக நி.க்கு அனுப்பினேன்.

கோதாவரி. (நி: "ரேஷன் கடை க்யூவுல கூப்புடற மாதிரி இருக்குது.")
கோமதி. (அவள் கணக்கு டீச்சர் பேராம். அடித்திருக்கிறாராம்.)
சரயு. எனக்குப் பிடித்தது. நி. பதில் போடவில்லை. பிடிக்கவில்லை என்று அர்த்தம்.
சலிலா. தண்ணீர் என்றே பொருள். (நி: "ஸ்கூல்ல சளின்னு கூப்புடுவாங்க அண்ணி.")
சமுத்ரா. குழந்தை பிறந்தபோது இரண்டரைக் கிலோ. தாங்காது.

பேர் தேடும்போது ஒன்று தெரிகிறது. நல்ல பேர்களில் பாதியை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மெக்கானிக் வரவில்லை.

கடையில் இன்று பதினைந்து சேலைக்குப் பேர். முன்பெல்லாம் எண் போட்டு இணையத்தில் ஏற்றுவார்கள். முதலாளி மகன் தினேஷ்தான் ஒரு நாள் "மேடம், பொண்ணுங்க பேரு வச்சுப் பாப்போமா" என்றான். நான் சேர்ந்தது பில் போட. பி.ஏ. தமிழ் என்பதால் இந்த வேலையும் வந்தது. பேர் வைத்த சேலை போகிறது, எண் வைத்த சேலை தங்குகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு பெண்: "யாழினி இன்னும் இருக்காளா, போயிட்டாளா?" மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. போயிட்டாள் என்றேன்.

கடல் பச்சைக்கு யமுனா. செங்கல் நிறத்துக்குக் காவேரி. தாமரை, நீலா, பொன்னி, சாரல் எல்லாம் எங்கெங்கோ பீரோவுக்குள் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பேர் வந்தது. தேடி வந்ததல்ல. 'சு'வில் தொடங்குகிறது. பாறையில் ஊறும், சின்னது, கோடையிலும் இருக்கும். இதற்குமேல் இங்கே எழுதவில்லை. காரணம் கீழே.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஐயம்பேட்டை. நி. அடுப்படியில் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் அம்மா, அக்கா உமா, சீரியல். காதருகே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். இரண்டு தடவை.

"இதான் அண்ணி."

"அர்த்தம் கேக்கலையே."

"அப்பால சொல்லுங்க. யாருக்கும் சொல்லிடாதீங்க. உங்க தம்பிக்கும்தான். புள்ள காதுல விழறதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டா அந்தப் பேரு புள்ளைக்கு ஒட்டாது. எங்க உமா அக்கா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சுது. விஷால்னு வச்சாங்க. இன்னிக்கும் குண்டுன்னு கூப்ட்டாதான் திரும்பறான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொல்கிறாள்.

எழுதினாலும் வெளியே வந்த மாதிரிதானே. எழுதவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொலுசு வாங்கியாயிற்று. முத்து அதிகம் வேண்டாம் என்றேன், கடைக்காரர் "சத்தம் வந்தாத்தாம்மா கொலுசு" என்றார். சத்தம் வருவதையே வாங்கினேன். கருப்பு வளையல் சைஸ் சந்தேகம்.

மோட்டார் சரி.

கட்டின புருஷனிடம்கூடச் சொல்லமாட்டாயா என்று சேகர் நச்சரிப்பு.

"ஒரு க்ளூ குடு."

"தண்ணி."

"அது தெரியும். மோட்டார்னு வச்சுடு. ரெண்டு நாளா எல்லாரும் அந்தப் பேருதான் சொல்லிக்கினு இருக்கோம்."

எங்களுக்குப் பேர் வைக்கும் வேலை வரவில்லை. பல வருடம் ஆயிற்று, அதைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் நேற்றிலிருந்து பஸ்ஸில், வரிசையில், தோசை ஊற்றும்போது அந்தப் பேரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பேரை வாயில் வைத்துக்கொண்டு நடப்பது இப்படித்தான் இருக்கும் போல.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி இன்றோடு சரி. நாளையிலிருந்து கல்யாணக் கூட்டம். கால் வீக்கம்.

நடந்தது, வரிசையாக:

மாலை ஐந்துக்கு மேல் தினேஷ் அவசரம். "மேடம், எட்டு சேல இருக்குது, பேரு அடிச்சுக் குடுத்துடுங்க, லைட்டு போறதுக்குள்ள வீடியோ எடுத்துடறேன்." ஏழு அடித்தேன். எட்டாவது ஒரு இரட்டை நிறச் சேலை. நீளவாக்கில் பாவு கருநீலம், குறுக்கே ஊடை பாசிப் பச்சை. இப்படிப் பிடித்தால் கல், அப்படிப் பிடித்தால் தண்ணீர். ஜரிகை மெல்லிசாக, ஓரத்தில் மட்டும்.

அடித்தேன்.

கை தானாகப் போயிற்று என்று எழுத வந்தது. அப்படி இல்லை. தெரிந்தேதான். எழுத்தாகப் பார்க்க ஆசை. திரையில் எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அழிப்பதாக எண்ணம். அதற்குள் செய்யாற்றிலிருந்து பெண் வீட்டார் பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். பாய் விரித்து, காபி சொல்லி, கூரைப் புடவை காட்டி முடிக்க இருட்டிவிட்டது.

பஸ்ஸில் ஓரிக்கை திரும்பும் இடத்தில்தான் ஞாபகம்.

தினேஷுக்குப் போன். வண்டிச் சத்தம்.

"அந்த எட்டாவது சேல பேர எடுத்துடு தினேஷ்."

"ஏன் மேடம், சூப்பர் பேரு. வீடியோவுலயே சொல்லிட்டேனே. ராத்திரிக்குப் போற மாதிரி போட்டு வச்சிட்டேன்."

"எடுத்துடுப்பா. தப்பா போட்டுட்டேன்."

"வண்டில போயிக்கினு இருக்கேன் மேடம். காலைல மொத வேலையா எடுத்துடறேன்."

யார் பார்க்கப் போகிறார்கள். ஓசூர், திருப்பூர், மலேசியா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நல்ல மழை. துணி உள்ளே.

ஏழு மணிக்கு நி. போன். ஹலோ இல்லை.

"அண்ணி, என் பொண்ணு காதுல பேரு போட்டாச்சு. தெரியுமா?"

புரிந்தது.

"யாரு போட்டா தெரியுமா? உங்க கடை தினேஷு. பால் குடுத்துக்கினே போன் பாத்துக்கினு இருந்தேன். புள்ள மடியில. 'ஹாய் மேம்ஸ், இவ பேரு சுனை, ப்ளவுஸோட வரா, ஃப்ரீ ஷிப்பிங்'ன்றான். அப்படியே காதுல. நான் நிறுத்தறதுக்குள்ள அது மூணாவது வாட்டி ஓடிச்சு."

"நித்யா, நான் எடுக்கச் சொல்லிட்டேன். நேத்தே."

"மூணு வாட்டி சொல்லணும் இல்ல, அண்ணி? மூணும் ஆயிடுச்சு."

வைத்துவிட்டாள்.

இனி எழுதலாம். சுனை.

சேகர் தேநீர் போட்டான். விஷயம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "நாலு நாள்ல சரியாயிடும்" என்றான். ஆகாது என்று தோன்றுகிறது. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஒட்டும் ஒட்டாது என்பதெல்லாம். ஆனால் அவளுக்கு உண்டு, எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

குடையை உதறி வாசலில் வைத்தேன். உருளைக்கிழங்கு, ரசம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தினேஷ் வாசலிலேயே. "மேடம், சுனை ஹிட்டு! ஒரே நாள்ல நாலு ஆர்டர். அப்பா இன்னும் ரெண்டு தறில ஓட்டச் சொல்லிட்டாரு."

காரணம் சொன்னேன். முகம் தொங்கிப்போயிற்று.

"பாப்பா பேரா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். சத்தியமா தெரியாது. நான் வேணா அவங்களுக்குப் போன் பண்ணி சாரி கேக்கட்டா?"

"வேண்டாம். உன் குரலே அவளுக்குக் கேக்கக் கூடாது."

வீடியோவை எடுத்துவிட்டான். பேரை மாற்றினாலும் ஆர்டர் போட்டவர்கள் அதே பேரில்தான் கேட்பார்களாம். தறிக்காரர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்களாம். மாற்றி இனி என்ன, விடு என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் குமார். ஒரகடம் கம்பெனி கேண்டீனிலிருந்து, தட்டுச் சத்தம்.

"அக்கா, அவ ரொம்பக் கோவமா இருக்கா."

"தெரியும்."

"வேற பேரு பாத்துக்கினு இருக்கா. என்கிட்டயும் சொல்ல மாட்டேன்றா." கொஞ்ச நேரம் மென்றான். "உமா அக்காவ வச்சு காதுல சொல்லிக்கலாம்னு இருக்கா."

"அது அத்தை சொல்றது."

"நானும் அதான் சொன்னேன். அத்தைன்னா எனக்கென்னன்றா அவ. நீ கொலுசு எடுத்துக்கினு வந்துடு அக்கா. வராம இருந்துடாத."

அம்மா இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். எங்கள் பக்கத்தில் இப்போது நான் ஒருத்திதான். பெரியம்மா, சித்தி, தாத்தா எல்லாம் அந்தப் பக்கம். குழந்தை வளர்ந்து ஆளாகி, "எனக்குப் பேரு வச்சது யாரு" என்று கேட்கும் நாளில் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிலாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசை எனக்கு இருந்தது இன்று தட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் தெரிந்தது.

கருப்பு வளையல் சைஸ் மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 20, புதன்

அரை நாள் லீவு. ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. கூட்டம், ஒரு பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன கால்.

உமா கதவு திறந்தாள். "வாங்கக்கா. நல்லவேள அந்தப் பேரு போச்சு. சுனைன்னா அரிக்கும் இல்ல? எங்க வீட்ல கரும்புத் தோகைல அரிக்கிறத அப்படித்தான் சொல்லுவோம்."

"அது வேற, இது வேற."

"என்னமோ. எல்லாம் அரிப்புதான்."

நி. கட்டிலில். பால் கொடுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பியிருந்தாள். தலையில் துண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்கு வரவில்லை, எங்கள் வீட்டில் யாரும் உபயோகித்துப் பழக்கமில்லை.

"நான் செஞ்சது தப்பு நித்யா."

"ஏன் செஞ்சீங்க?"

"எழுதிப் பாக்கணும்னு இருந்தது."

"எங்கயாவது பேப்பர்ல எழுதிக் கிழிச்சிருக்கலாம் இல்ல."

இருக்கலாம். இந்த நோட்டில்கூட எழுதியிருக்கலாம். எழுதாமல் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது.

"உங்களுக்கு அது ஒரு பேரு, அண்ணி. தெனம் பத்து வைக்கிறீங்க. எனக்கு இவ ஒருத்திதான். ஒரே ஒரு வாட்டிதான் வைக்க முடியும்."

பால் குடித்து முடித்த குழந்தையை என் பக்கம் நீட்டினாள். கொடுப்பதற்காக இல்லை, ரவிக்கைக் கொக்கி போட இரண்டு கை வேண்டும். தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இதுவரை எல்லாரும் பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள். அதற்குத் திரும்புகிறது.

ஞாயிறு யார் சொல்வது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படி இறங்கும்போது அவள் அம்மா ஒரு பையில் முருங்கைக்கீரை கொடுத்தார். அதில் ஏதாவது அர்த்தம் உண்டா என்று ஆட்டோ முழுக்க யோசனை. கீரைதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சேலைக்குப் பேர் வைப்பதை விட்டுவிட்டேன். தினேஷிடம் சொன்னேன்: பில் போடுகிறேன், பார்சல் முகவரி எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம்.

"சேல்ஸ் படுத்துடும் மேடம்."

"எண் போடு."

"எண்ணுலாம் யாரும் பாக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் போனில் தட்டினான். "சரி மேடம், போன்ல ஏ.ஐ.கிட்டயே கேட்டேன். ஒரு நிமிஷத்துல நூறு குடுத்துடுச்சு. தண்ணி பேருன்னு கேட்டேன், பாருங்க. அலைமகள். நீர்விழி. மழைமுத்து. நீர்த்துளிகா."

"நீர்த்துளிகாவா?"

"நல்லா இல்ல?"

"நல்லாத்தான் இருக்குது. வச்சுக்கோ."

என்னைவிட வேகம். அதற்கு எந்தப் பேரின் மேலும் ஆசை இல்லை, அது ஒரு வசதி.

இரண்டு தறியிலிருந்தும் சுனை வந்துவிட்டது. ஆர்டர் நாலும் போக மூன்று சேலை. ரேக்கில் என் மேசைக்குப் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கட்டுவது? வாழைத்தண்டுப் பச்சை. அதற்குப் பேர் கிடையாது, நான் கடையில் சேரும் முன்பு எடுத்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை வெயில், பிறகு மூட்டம். எல்லாரும் சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

மரத்தொட்டில், நான்கு காலிலும் பூ. உமா முன்னாலேயே தொட்டில் பக்கத்தில், புதுச் சேலையில். நான் சீர்த்தட்டை வைத்துவிட்டுக் கதவருகே நின்றேன். சேகர் காதில், "போய் உக்காரேன்." போகவில்லை. குமார் என்னையும் பார்க்கவில்லை, நி.யையும் பார்க்கவில்லை, வாழைப்பழத்தை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

கொலுசு போட்டார்கள். சத்தம் நன்றாகத்தான் வந்தது.

ஐயர் இல்லை, எங்கள் வழக்கம் இல்லை. அவள் அப்பா விளக்கேற்றினார். "பேரு யாரும்மா சொல்றது?" உமா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

நி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து என்னிடம் வந்தாள்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. அத்தை இருக்கும்போது வேற யாரு சொல்றது." எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு என் காதில், எனக்கு மட்டும்: "சிந்து."

என் பட்டியலில் அது இல்லவே இல்லை. 'சி'யும் வருகிறது, ஆறும் வருகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் கண்ணில் படவில்லை.

"தெருவுக்கு ரெண்டு சிந்து இருப்பாங்களே நித்யா."

"அதுக்குத்தான். எல்லாருக்கும் இருக்கிற பேரு. யாரும் புதுசா எடுத்துக்க முடியாது." பிறகு உரக்க, சிரித்துக்கொண்டே: "இத எந்தச் சேலைக்கும் வச்சிடாதீங்க அண்ணி!"

கூடமே சிரித்தது. அதற்குள் எல்லாருக்கும் கதை தெரிந்திருக்கிறது. உமா எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள், இடம் போனதை அப்படி ஈடுகட்டினாள் போல. நானும் சிரித்தேன்.

குனிந்தேன். காது சின்னது, மடல் ஓரத்தில் பூனைமயிர், எண்ணெய் வாசனை. அந்த நேரத்தில் யாருக்கும் கேட்காது. அத்தை காதில் சொல்லும்போது யாரும் ஒட்டுக் கேட்பதில்லை, அதுதான் முறை. சுனை இரண்டு எழுத்துதான், மூச்சோடு சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

சிந்து. சிந்து. சிந்து.

மூன்று முறையும் அதையே சொன்னேன்.

நிமிர்ந்ததும் குமார், "என்னா பேருக்கா?" சொன்னேன். அவன் உரக்கச் சொன்னான். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், "என்னாண்ணா, கூப்ட்டீங்களா?" என்று ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். அவளும் சிந்துதான். மறுபடி சிரிப்பு. நி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்குதே என்று.

குழந்தை தூங்கிவிட்டது.

வரும்போது நி. வடை கட்டிக் கொடுத்தாள். "அடுத்த வாரம் வாங்க அண்ணி." வாங்க என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. வருவேன்.

சேகர் வண்டியில், "சிந்துவும் நல்லாத்தான் இருக்குது." ஆமாம் என்றேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லேசான தூறல். கடையில் கரண்ட் இல்லை, கையால் பில்.

பத்தரைக்கு ஒரு போன். திருப்பூர். இளம் குரல், தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். எடுப்பதற்கு முன்பே வீடியோவைத் தோழி ஒருத்தி அனுப்பி வைத்திருக்கிறாள்.

"அக்கா, சுனை இருக்குதுங்களா?"

பின்னால் ரேக்கில் மூன்றும் இருந்தன.

"இல்லம்மா. முடிஞ்சுடுச்சு."

தினேஷ் ரேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பார்சலுக்கு டேப் ஒட்டப் போனான்.

"திரும்ப வருங்களா அக்கா?"

"வராதும்மா," என்றேன். "வேற பேரு பாருங்க."